லயத்தின் ஒரே பதில்

றக்வானப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். தாய் ஒன்று சொன்னாளாம், மகள் வேறொன்று சொன்னாளாம். இரண்டு பதிலும் ஒத்துப்போகவில்லையாம். அடுத்த கிழமையே ஒரு வேன் வந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்தடியில் நின்றதாம்.

இதைக் கருப்பாயி தன் கண்ணால் காணவில்லை. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நின்றபோது முன்னால் நின்ற ஒருத்தி சொன்னாள். அவளுக்கு அவள் நாத்தனார் சொன்னது. ஆனால் பஸ் ஏறி, தோட்டத்து ரோட்டில் இறங்கி, ரப்பர் பால் நிறுக்கிற இடத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்த வேனுக்கு நிறமும் வந்துவிட்டது. வெள்ளை.

"ஃபோன் குடுத்திருக்காங்கல்ல, அதாலதான் வந்த வினையாம்," என்றாள் கருப்பாயி. "புள்ள எங்கன்னு ஆயிகிட்ட கேப்பாங்களாம். நீ எங்கன்னு புள்ளகிட்ட கேப்பாங்களாம். ரெண்டும் ரெண்டு தினுசா இருந்துச்சோ, இந்த ஆயி புள்ள வளக்க லாயக்கில்லன்னு எழுதி, கொண்டுபோயி எங்கயாச்சும் மடத்துல தள்ளிருவாங்களாம்."

பரிமளம் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் அவள் வீட்டுக்கும் அந்த ஃபோனைக் கொடுத்திருந்தார்கள்; இனி மணி அடிக்க வேண்டியதுதான். அவளுக்கும் ஒரே மகள்தான்.

பரிமளம் தேயிலையில் பிறந்து ரப்பருக்கு வாழ்க்கைப்பட்டவள். றக்வான மலையில் வெயிலும் காற்றும் பார்த்து வளர்ந்தவளுக்கு, கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ரப்பர் மலை பிடிக்கவே இல்லை. நட்ட நடுப்பகலிலும் மரத்தடியில் அந்தியைப் போல ஓர் இருட்டு. யாராவது பின்னால் நடந்து வந்தாலும் சருகு நனைந்திருந்தால் சத்தம் கேட்காது. பிறகு பழகிக்கொண்டாள். வெள்ளென எழுந்து, கத்தியைத் தீட்டி, மரம் மரமாய்ப் போய் பட்டையைச் சீவுவாள். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் இல்லை. எவ்வளவு வெட்டுவது என்பது அவள் கைக்குத் தெரியும். மகளிடம் எவ்வளவு கேட்பது என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.

அவளை வளர்த்தவர்கள் கேட்டு வளர்க்கவில்லை. "எங்கடி போன?" என்ற கேள்வி அந்த வீட்டில் விளக்குமாற்றுக் கட்டையோடு சேர்ந்தே வரும். பதில் சொன்னாலும் அடிதான், சொல்லாவிட்டாலும் அடிதான். ஆகையால் தன் மகள் கேஷானியிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று பரிமளம் எப்போதோ முடிவுசெய்திருந்தாள். கேஷானிக்கு இப்போது பதினாறு. கணவன் யோகராஜ் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் இருக்கிறான். மாதத்துக்கு ஒருமுறை வருவான், மகளுக்கு ஏதாவது வாங்கி வருவான், தூங்கி எழுந்து போய்விடுவான். ஆக, வீட்டில் இரண்டே பேர். இருவருக்கும் நடுவே பேச்சு குறைவு, அன்பு குறைவில்லை. பிள்ளைக்குத் தலைவாரும்போது மட்டும் பரிமளத்தின் கை வழக்கத்தைவிட மெதுவாக ஓடும்.

அந்த வருஷம்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் தோட்டத்தோடு பழகியவள் சுமித்ரா ஒருத்திதான். கேகாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தாள். தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"வளர்ற பிள்ளைங்களோட அம்மா அப்பாவுக்கு வகுப்பு நடத்துறோங்க. மேல் லயத்துக்கு இப்ப, கீழ் லயத்துக்கு அடுத்த வருஷம். இப்படி வகுப்பு நடத்தினா பிள்ளைங்க கெட்ட சகவாசத்துல மாட்டறது குறையுதுன்னு வேற வேற ஊர்கள்ல பாத்திருக்காங்க. ஆனா ஏன் குறையுதுன்னுதான் சரியாத் தெரியல. அடிக்கிறது குறையறதாலயா, பெத்தவங்க கண்ணு வச்சுப் பாக்கறதாலயா, இல்ல பிள்ளையே வாயத் தொறந்து சொல்றதாலயா? அதக் கண்டுபிடிக்கத்தான் நாங்க வந்திருக்கோம். உரம் போட்டா பால் கூடுதுன்னு உங்களுக்குத் தெரியும். வேர் குடிச்சதாலயா, மழை பெஞ்சதாலயான்னு பாக்கறோமில்ல, அந்த மாதிரி."

"அப்ப நாங்கல்லாம் மரமா மிஸ்ஸு?" என்றாள் கருப்பாயி. "எங்க வெட்டிப் பாப்பீங்க?"

மடுவமே சிரித்தது. சுமித்ராவும் சிரித்தாள். பரிமளத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஃபோன் ஏற்பாட்டை அன்றைக்குத்தான் சொன்னார்கள். வகுப்பு எடுக்கிற மேல் லயத்துக்கும், இன்னும் எடுக்காத கீழ் லயத்துக்கும் ஒன்றுபோலத்தான். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பட்டன் வைத்த ஒரு சின்ன ஃபோன், அதில் ஒரு சிம். பள்ளிக்கூடம் விட்டபின், விளக்கு வைக்கிற நேரத்துக்குள், ஏதாவது ஒரு நாள் மணி அடிக்கும். முதலில் தாய்க்கு: உங்க பிள்ளை இப்ப எங்க, யாரோட? கொஞ்சம் பொறுத்துப் பிள்ளைக்கு: நீ இப்ப எங்க, யாரோட? எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. "எனக்கே தெரியாதுங்க," என்றாள் சுமித்ரா, "கம்ப்யூட்டர்தான் பேர எடுத்துக் குடுக்கும்." சொல்வதெல்லாம் யாருக்கும் போகாது, தோட்டத்துக்கும் போகாது, பொலிஸுக்கும் போகாது என்றும் சொன்னாள்.

அதை எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை. இந்த மலைக்குக் கேள்வி கேட்க வந்தவர்கள் எந்தக் காலத்திலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

றக்வானக் கதை வந்த அன்று பொழுது சாய, மேல் லயத்துப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் கூடினார்கள். லயத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மேலே இருந்து கேள்வி வந்தால் ஆளுக்கொரு பதில் சொல்லக் கூடாது. பங்களாவில் தேங்காய் காணாமல் போனாலும் சரி, ஸ்டோரில் சண்டை நடந்தாலும் சரி, காலையில் பேர் பதிகிற பெரட்டில் வரிசையாக நிற்கவைத்து யார் விசாரித்தாலும், முன்னே நிற்பவள் சொன்னதையே கடைசியில் நிற்பவளும் சொல்வாள். இந்த வழக்கம் பலமுறை பலபேருடைய வேலையைக் காப்பாற்றியிருக்கிறது. இதையும் அதே கத்தியால் வெட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார்கள்.

"ஆயிகிட்ட கேட்டாலும் புள்ளகிட்ட கேட்டாலும் ஒரே பேச்சு," என்று தீர்ப்புச் சொன்னாள் கருப்பாயி. "வீட்டுல இருக்கு. படிக்குது. அம்புட்டுதான். எங்க மவன் மதுசன் பொஸ்தகத்த தொட்டு ஆறு மாசம் ஆவுது, இருந்தாலும் படிக்குது!"

"அவன் படிக்கிறான்னு சொன்னா வேன் வராட்டியும் பேப்பர்க்காரன் வருவான்க்கா," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. குடங்கள் குலுங்கச் சிரித்தார்கள்.

பரிமளமும் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேஷானியிடம் விஷயத்தைச் சொன்னாள். வேன் கதையையும் சேர்த்துத்தான் சொன்னாள். பிள்ளை அடுப்புக்குள் விறகைத் தள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப ஃபோன் வந்து நான் எடுக்காட்டி?"

"எடுக்காட்டி இன்னும் மோசம்டி. வீட்டுல இல்லன்னு ஆயிருமில்ல. அது சரி, அந்த சிம்மு இங்க புடிக்குதா? அன்னைக்குச் சிக்னல் கோடே காணமே?"

கேஷானி கொஞ்சம் தாமதித்தாள். "வாசல் இஸ்தோப்புக் கோடியில நின்னா புடிக்குதும்மா."

சரி, ஒரு பாரம் இறங்கியது என்று பரிமளம் நினைத்தாள்.

வகுப்புகள் நடந்தன. போகப் போக பரிமளத்துக்கு அவை பிடித்தும் போயின. பிள்ளை பேச வந்தால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள் என்றார்கள். 'எங்க போன' என்று ஆரம்பிக்காதீர்கள், 'சொல்லு' என்று ஆரம்பியுங்கள் என்றார்கள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருத்தி தாயாகவும் ஒருத்தி மகளாகவும் நடித்துக் காட்ட வேண்டும். கருப்பாயி மகளாக நடித்தபோது "ஆயி, எனக்கொரு மாப்பிள பாத்து வச்சிருக்கேன், ஒனக்குந்தான்" என்று சொல்லி வகுப்பையே கலைத்துவிட்டாள். ஆனாலும் அந்த 'சொல்லு' என்கிற ஒற்றைச் சொல் பரிமளத்துக்குள் தங்கிவிட்டது. தன் வீட்டில் யாரும் தன்னிடம் சொல்லாத சொல் அது.

மழை கூடிய ஒரு சாயங்காலம் அந்தச் சொல்லுக்கு வேளை வந்தது. அன்றைக்குப் பரிமளம் வேலையிலிருந்து திரும்பிக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தபோது கேஷானி வெளியிலிருந்து வந்தாள். பாவாடைக் கரை ஈரம். கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம் கோடாய் இறங்கியிருந்தது. தாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுண்ணாம்பு எடுத்து அட்டை கடித்த இடத்தில் வைத்தபடியே, முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"அம்மா, ஒன்னு சொல்லட்டா?"

பரிமளம் கத்தி தீட்டுவதை நிறுத்தினாள். "சொல்லு."

"பாறைக்கிட்ட ஒரு ஆளு... கீழ ரோட்டுல பைக்க வச்சிட்டு..."

அந்த நேரத்தில்தான் பரிமளத்தின் நெஞ்சுக்குள் வெள்ளை வேன் வந்து நின்றது. மகள் சொல்லப்போவது எதுவோ, அது வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளைக்கு நடக்கிற காரியம் இல்லை. கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால், நாளைக்கு அந்த மிஸ் பதமான குரலில் கேட்கும்போது நாக்குப் புரண்டுவிடும். தனக்குப் பொய் வராது என்பது பரிமளத்துக்கு நன்றாகத் தெரியும். தெரியாததைச் சொல்வது பொய் ஆகாது என்று அந்த ஒரு நொடியில் அவள் மனசு கணக்குப் போட்டது.

"வேணாம் சாமி," என்றாள். "எங்கிட்ட சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா வாயில வந்துரும். ஒன்னய எங்கிட்டருந்து பிரிச்சிருவாங்க. இந்த ஃபோனெல்லாம் முடியட்டும், அப்புறம் எல்லாத்தையும் சொல்லு. எதுவா இருந்தாலும் அப்ப சொல்லு."

கேஷானி தாயை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பால் வெட்டுக்குக் கத்தி படாமல் மூடிப்போன பழைய மரப்பட்டை மாதிரி இருந்தது அந்த முகம். "சரிம்மா," என்று எழுந்து போய்ச் சோற்றுக்கு உலை வைத்தாள்.

பரிமளத்துக்குச் சாயங்காலங்களில் இன்னொரு வேலை இருந்தது. தோட்டத்து எல்லைக்குக் கீழே, கிராமத்தில், சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கும் ஒரு சிங்கள வீட்டில் பால் உறையவைத்து ஷீட் உருட்டுகிற வேலை. இரும்பு உருளையைச் சுற்றச் சுற்ற வெள்ளைப் பாளம் மெலிந்து நீண்டு வரும். அசிட் வாசமும் புகைக்கூட்டுப் புகையும் சேர்ந்து கண்ணை எரிக்கும். சுமித்ராவின் ஃபோன் அவளுக்கு அங்கேதான் வரும். ஜன்னலில் வைத்திருக்கும் பரிமளத்தின் ஃபோன் அடித்ததும் வீட்டுக்கார நோனா அங்கிருந்து "பரிமலா, ஃபோன் எக்க!" என்று குரல் கொடுப்பாள். பரிமளம் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுப்பாள்.

"அக்கா, கேஷானி இப்ப எங்க இருக்காங்க?"

"வீட்டுலதாங்க மிஸ். படிக்கிறா."

"யாரோட?"

"தனியாத்தாங்க."

"சரிங்க அக்கா, அவ்வளவுதான்." அந்தக் குரலில் ஒரு நிறைவு தெரியும். பரிமளத்துக்கும் நிறைவாக இருக்கும். உருளையை மறுபடி சுற்றுவாள். மேலே, ரப்பர் மரங்களுக்கு அப்பால், அவள் பார்க்க முடியாத ஏதோ ஓர் இடத்தில் மகளுடைய ஃபோனும் இப்போது அடிக்கும். அவளும் அதையே சொல்வாள். தப்பிவிட்டோம்.

மகளிடம் சில மாற்றங்கள் தெரியாமல் இல்லை. சோறு குறைந்தது. கடைத்தெருவுக்குப் போகச் சொன்னால் தட்டிக் கழித்தாள். நல்ல குடை ஒன்று வேண்டும் என்று கேட்டாள். பிறகு, வீட்டில் சும்மா கிடந்த பழைய பால் கத்தியைக் காணவில்லை. தேடினால் கேஷானியின் புத்தகப் பையில் கிடந்தது. "பென்சில் சீவம்மா," என்றாள். பரிமளம் ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். கத்தியைத் திரும்பப் பையிலேயே வைத்தாள். துருவித் துருவிக் கேட்காமல் இருப்பது நல்லது என்றுதானே வகுப்பில் சொன்னார்கள். அப்படிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. வேலை இல்லாத அந்த நாட்களில் ஒரு பிற்பகல் சுமித்ரா பிள்ளை மடுவத்துக்கு வந்திருக்கிறாள், எல்லாரையும் வரச் சொன்னாள் என்று ஆள் வந்தது. கேஷானி பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. பரிமளம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். கருப்பாயி ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

சுமித்ரா ஒரு பெட்டி நிறையப் புதிய சிம்களோடு வந்திருந்தாள்.

"உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணுங்க," என்றாள். "நாங்க குடுத்த சிம் இந்த லயத்துல புடிக்கவே இல்லையாம். மேல் லயத்துலயும் இல்ல, கீழ் லயத்துலயும் இல்ல. எங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. பிள்ளைங்க ஃபோன் கெடைக்கலைன்னதும், இஷ்டமில்லாம அவங்களே அணைச்சு வச்சிருக்காங்க போலன்னு நெனச்சுட்டோம். மதுசனெல்லாம் ஒரு நாள்கூட எடுத்ததில்ல."

"எடுக்கலையா?" கருப்பாயிக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கியது. "வீட்டுல இருக்கேன், படிக்கிறேன்னு சொன்னதா எங்கிட்ட சத்தியம் பண்ணினானே! படுபாவி... அப்ப மிஸ்ஸு, அவனப் புடிச்சிட்டுப் போக ஆளு வரும்ல?"

"யாரைங்க? எங்க?"

"அதான், பதில் ஒத்து வராட்டி வேன் வந்து..."

சுமித்ரா திகைத்துப்போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "வேனா? யாரு சொன்னா? பதில் ஒத்து வந்தா என்ன, வராட்டா என்ன, யாரையும் யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. பிள்ளை தானா அம்மாகிட்ட சொல்லுதா, அது கூடுதா குறையுதான்னு பாக்கத்தானே அந்த ஃபோன்! தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றதும் எங்களுக்குப் பதில்தாங்க."

மடுவத்தின் தகரத்தில் மழை அறைந்துகொண்டிருந்தது. கருப்பாயி வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து, "ஆஸ்பத்திரி லைன்ல நின்னவள நான் எங்க போய்த் தேடுவேன்," என்று முனகினாள்.

சுமித்ரா பரிமளத்தின் பக்கம் திரும்பினாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "ஆனா அக்கா, உங்க கேஷானி மட்டும் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்ல. ரெண்டாவது மணிக்குள்ள எடுத்துருவாங்க. வீட்டுல இருக்கேன் மிஸ், படிக்கிறேன்னு சொல்லுவாங்க. மொத்தத் தோட்டத்துலயும் உங்க ரெண்டு பேர் பதில்தான் ஒவ்வொரு தடவையும் ஒத்துப் போகுது. உங்க வீட்டுல மட்டும் எந்த இடத்துல புடிக்குது? சொன்னீங்கன்னா மத்தவங்களுக்கும் சொல்லலாம்."

"இஸ்தோப்புக் கோடியில..." என்று ஆரம்பித்த பரிமளம் பாதியில் நின்றுவிட்டாள்.

"அடியே, ஒன் இஸ்தோப்பும் எங்க இஸ்தோப்பும் ஒரே கூரைதானே," என்றாள் கருப்பாயி. "அந்தக் கோடி முச்சூடும் நாங்க அந்த ஃபோனத் தூக்கிப் புடிச்சுக் கூத்தாடிப் பாத்தாச்சு. செத்த பொணம். அந்த சிம்மு இந்த மலையில புடிக்கிறது ஒரே எடத்துலதான்னு எங்க மதுசன் சொன்னான். காடா மண்டிப்போன பழைய ரப்பருக்கு மேல, அந்தப் பெரிய பாறை இருக்குல்ல..."

கருப்பாயியும் நிறுத்திக்கொண்டாள்.

பாறை. எந்த நாள் மணி அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியானால் ஒரு நாளோ இரண்டு நாளோ இல்லை. எல்லா நாளும். தாய் கீழே கிராமத்தில் ஷீட் உருட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு சாயங்காலமும், தாயிடமிருந்து தன்னைப் பிரித்துவிடக் கூடாது என்பதற்காக, அந்தப் பிள்ளை ஆளில்லாத காட்டைத் தாண்டி, பாறைமேல் ஏறி, இருட்டுகிறவரை தனியாக நின்று, 'வீட்டுல இருக்கேன்' என்று சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறது.

பாறைக்கிட்ட ஒரு ஆளு.

"மிஸ்," என்றாள் பரிமளம். "ஒரு ஆளு வர்றான்னு சொல்ல வந்துச்சு. பைக்க கீழ வச்சிட்டு வர்றான்னு. நான்தான் சொல்லாதன்னுட்டேன்."

சுமித்ராவின் கையிலிருந்த சிம் பெட்டி பாயில் சரிந்தது. ஃபோனை எடுத்துக் கேஷானியின் இலக்கத்தை அழுத்திக் காதில் வைத்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"மணி போகுது," என்றாள் மெதுவாக. பிறகு, "எடுக்கல."

மணி போகிறதென்றால் வீட்டில் இல்லை. அது இப்போது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஆனாலும் பரிமளம் முதலில் வீட்டுக்குத்தான் ஓடினாள். புத்தகப் பை ஆணியில் தொங்கியது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு போயிருக்கிறாள். பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். புத்தகங்கள் இருந்தன. கத்தி இல்லை.

வாசலில் றஊப்பின் ஆட்டோ வந்து நின்றது. மடுவத்துக்குச் சுமித்ராவைக் கொண்டுவந்தவன் அவன்தான். "அக்கா, கீழ் ரோட்டுல நான் மிஸ்ஸக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாக்கிறேன்," என்றான். "ஒரு கறுப்பு பைக் இந்தப் பக்கம் அடிக்கடி நிக்கிறதக் கண்டிருக்கேன். கொழும்புல வேல எடுத்துக் குடுக்கிற ஆளுன்னு சொன்னானுங்க. நான் பெருசா எடுக்கல." பொலிஸுக்கும் பேசுவதாகச் சுமித்ரா சொன்னது மழையில் பாதிதான் கேட்டது. யோகராஜுக்குச் சொல்ல வேண்டும் என்று பரிமளத்துக்குத் தோன்றியது. அடுப்படியில் இருக்கும்போது அவன் ஃபோனைத் தொடுவதில்லை. அதை நினைத்துக்கொண்டே அவள் மலைப்பக்கம் திரும்பிவிட்டாள்.

"நில்லுடி, நானும் வர்றேன்," என்று கருப்பாயி பின்னால் கூவினாள். அவளுக்கு முழங்கால் வலி. கொஞ்ச தூரத்துக்குள் அவள் குரல் பின்தங்கிவிட்டது.

பழைய ரப்பரைத் தோட்டம் கைவிட்டுப் பல வருஷம். மரத்தோடு மரமாகக் கொடி ஏறி, பால் ஏந்தும் சிரட்டைகள் கட்டிய கம்பிகள் துருப்பிடித்து, வெட்டுக்காயம் எல்லாம் முடிச்சு முடிச்சாய்ப் புடைத்துக் கிடந்தன. அந்தக் காட்டுக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. பரிமளம் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஒரு நாளில் விழுகிற பாதை இல்லை அது. நாள்தோறும் ஒரே ஆள் நடந்தால்தான் அப்படிச் சருகு ஒதுங்கும், புல் சாயும். தன் மகளின் சின்னப் பாதம் போட்ட பாதை. பாதிக்கு மேல் ரோட்டுப் பக்கமிருந்து ஏறிவந்த இன்னொரு தடம் அதோடு வந்து சேர்ந்தது. சேற்றில் அகலமான சப்பாத்துக் காலடி. மழைத்தண்ணீர் அதில் நிரம்பிக்கொண்டிருந்தது.

பாறைமேல் ஏறினாள். வழுக்கி முழங்கால் சிராய்த்தது. மேலே யாரும் இல்லை.

பாறை வெடிப்பில் காம்பைச் செருகி, விரித்தபடியே நின்றது குடை. அவள் வாங்கிக்கொடுத்த குடை. அதன் கீழே ஒரு சாக்குத் துண்டு மடித்துப் போட்டிருந்தது, உட்காருவதற்கு. சாக்கின் பக்கத்தில் ஒரு படிப்புப் புத்தகம், பிளாஸ்டிக் பையில் சுற்றி. பிள்ளை இங்கே உட்கார்ந்து படித்திருக்கிறது. படிக்கிறேன் என்று சொன்னது பொய்யாகக் கூடாது என்று நினைத்திருக்கிறது.

"கேஷானி!"

குரலை மழை அமுக்கிவிட்டது. கீழே ரோடு இருக்கிற பக்கம் முழுவதும் வெள்ளை மூட்டம். களனி ஆற்றுப் பக்கமிருந்து ஒரு மோட்டார்ச் சத்தம் கேட்டது போலவும் கேட்காதது போலவும் இருந்தது. தவளைகள் கத்த ஆரம்பித்திருந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் விளக்கு வைக்கிற நேரம்.

ஈரக்கையைத் துடைத்து, ஃபோனை எடுத்து, மகளின் இலக்கத்தை அழுத்தினாள். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மணி போனது.

காதிலிருந்து ஃபோனை எடுத்துவிட்டுச் சுற்றிலும் கேட்டுப் பார்த்தாள். பாறையில் எங்கும் மணி அடிக்கவில்லை. காட்டிலும் அடிக்கவில்லை. மறுபடி காதில் வைத்தாள். அங்கே மட்டும், எங்கேயோ, அடித்துக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி அழுத்தினாள்.

எடுத்தால் முதலில் என்ன சொல்வது என்று யோசித்தாள். 'எங்கடி இருக்க' என்பதுதான் வாய்க்குள் முட்டிக்கொண்டு நின்றது. அதை விழுங்கினாள். குடைக்குள் குனிந்து, மகள் உட்கார்ந்த சாக்கில் உட்கார்ந்து, மணி போய்க்கொண்டிருக்கும்போதே, மகள் ஏற்கெனவே எடுத்துவிட்டது மாதிரி, தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்தாள்.

"அம்மாதான் சாமி. சொல்லு. எதுனாலும் சொல்லு, நான் கேக்கிறேன்."

மணி போய்க்கொண்டே இருந்தது.